மில்லி அண்ணாச்சியின் மழை டின்

மழை வந்தால் உலகத்தில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். மர ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிய ஒரே மனிதர் சிவகாசியில் எங்கள் தெருவில்தான் இருந்தார்.

அவரை மில்லி அண்ணாச்சி என்போம். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவர். "நேத்து பதினேழு மில்லி!" என்று காலையில் தெருவில் நின்று அவர் அறிவித்ததைக் கேட்டு, எதிர்வீட்டுக்கு வந்த புது மருமகள், "இம்புட்டு வெளிப்படையாவா சொல்லுவாக!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலண்டர் அச்சகத்தில் தாள் வெட்டுகிற வேலை அவருக்கு. மாடியில் ஒரு பழைய நெய் டின்னை வைத்து, தினமும் காலையில் ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் மழை என்று அளப்பார். மழை பெய்த நாளின் காலண்டர் தாளை மட்டும் கிழித்து, பின்பக்கம் அளவை எழுதிச் சேர்ப்பார். வருடத்துக்கு ஒரு கட்டு. வெடிச் சத்தத்துக்கு எங்கள் தெருவில் நாயும் பூனையும் தங்காது. காக்கை மட்டும் வந்து டின்னில் தண்ணீர் குடிக்கும். "காக்கா வாய்க்கு அரை மில்லி சேத்துக்கிடணும்லே" என்பார்.

நான் பக்கத்து வீடு. பட்டாசுக் கம்பெனியில் வேலை. மழை பெய்தால் சரக்கு காயாது, எனக்குக் கூலி கிடையாது. அவருக்கோ வெம்பக்கோட்டைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு ஏக்கர் இருந்தது. ஒரே மேகத்தைப் பார்த்து நான் "போயிரு" என்றும் அவர் "வந்துரு" என்றும் கும்பிடுவோம்.

அச்சில் பிழையாகிப்போன காலண்டரைத்தான் இலவசமாக வாங்கி வருவார். ஒரு வருடம் அதில் ஐப்பசி பன்னிரண்டாம் தேதியே இல்லை.

"அன்னைக்கு மழை பெஞ்சா எதுல எழுதுவீக அண்ணாச்சி?"

"அந்த ஒரு நாளுக்காகவா மழை காத்துக்கிட்டு இருக்கும்? போலே!"

சரியாக அன்றைக்குத்தான் கொட்டியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த ஒரு தாளுக்காக வீடு வீடாக அலைந்தார். "நல்ல நேரம் பாக்கணும், நாளைக்கு வாங்க" என்று டீக்கடைக்காரர்கூடக் கையை விரித்துவிட்டார்.

அந்தக் கட்டுகளை வைத்துத்தான் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"கூட்டிப் பாத்தா மழை கிட்டத்தட்ட அம்புட்டேதாம்லே. ஆனா கட்டைப் பிடிச்சுப் பாரு. முன்னெல்லாம் ஒரு கைக்குள்ள அடங்காது. இப்ப ரெண்டு விரலு போதும். நின்னு நின்னு பெஞ்ச மழை, இப்ப நாலு நாள்ல கொட்டிட்டு ஓடிருது."

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் காய்ந்து கிடந்தன. அதற்கடுத்த ஐப்பசியில், தங்கை மகள் கல்யாணத்துக்காக அண்ணாச்சி விருதுநகர் போனார். டின்னை என்னிடம் ஒப்படைத்தார். அன்று மாலையே பேய் மழை பிடித்தது. காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடிய நான், டின்னை உதைத்துவிட்டேன். அது உருண்டு சுவரில் மோதி நசுங்கியது. அவ்வளவு மழையும் தரையோடு போனது.

ஊரிலிருந்து வந்தவர், "எம்புட்டுலே?" என்றார்.

"அறுபத்திரண்டு மில்லி" என்றேன்.

டின்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "சரிலே" என்றார்.

அந்த ஒரு மழையில் கண்மாய் பாதிக்கு மேல் பெருகிவிட்டது. மடை திறக்குமுன் எல்லா விவசாயிகளும் கரையில் கூடி, என்ன பயிர் என்று ஒரே முடிவாக எடுப்பது வழக்கம். எல்லோருக்கும் நெல் ஆசை. 'மேற்கொண்டு மழையை நம்ப முடியாது, மக்காச்சோளம் போடுவோம்' என்று சொல்ல அண்ணாச்சி கிளம்பினார். கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன்.

தடித்த கட்டிலிருந்து மெலிந்த கட்டு வரை கரையில் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் தலையைக்கூட ஆட்டினார்கள். அப்போது பெரிய மீசைக்காரர் ஒருவர் கேட்டார்: "அது கிடக்கட்டும் அண்ணாச்சி. நம்ம கண்மாயைப் பெருக்குன இந்த மழை எம்புட்டு?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவில்லை. "அது எனக்குத் தெரியாது" என்றார்.

கரையே சிரித்தது. "போன வாரத்து மழையே தெரியல. கார்த்திகை மழைக்கு ஜோசியம் சொல்ல வந்துட்டாக!"

'அறுபத்திரண்டு' என்று என் பொய்யை அவர் சொல்லியிருந்தாலே போதும். 'நான்தான் டின்னைத் தட்டிவிட்டேன்' என்று உண்மையை நான் சொல்லியிருந்தாலும் போதும். நாலு பேர் முன்னால் எனக்கு எப்போதுமே நாக்கு எழும்பாது. சைக்கிளைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நெல் நட்டார்கள். அப்புறம் பேருக்குத் தூறியதோடு சரி. கதிர் வரும் நேரத்தில் கண்மாய் வறண்டது. தை மாதம் எல்லா வயலிலும் மாடு மேய்ந்தது. அண்ணாச்சியின் ஒரு ஏக்கரிலும் மேய்ந்தது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நானும் பல வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அவர் காலமான பிறகு அவர் மனைவி, எங்கள் மதினி, கட்டுகளை என்னிடம் கொடுத்தார். "பழைய பேப்பருக்குப் போட மனசு வரல தம்பி. நீங்க வச்சுக்கிடுங்க." அந்த வருடத்துக் கட்டைத் தேடிப் பிரித்தேன். அந்த நாளின் தாளில் அளவு இல்லை. "நல்ல மழை. டின்னைப் பூனை தட்டிவிட்டது" என்று மட்டும் எழுதியிருந்தது.

பூனையே தங்காத தெருவில், எனக்காக ஒரு பூனையை வளர்த்திருக்கிறார் மனுஷர்.