ஏழாம் பாடத்து மீனவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு டார்சி ஹாலோரன் தன் அப்பாவைக் கடலில் மூழ்கடித்தான்.

அந்த நேரத்தில் அப்பா க்ளென், பெண்டிகோ நகரின் கழிவுநீர் நிலையத்தில் தன் மேசையில் உட்கார்ந்து, வெஜிமைட் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். கடல் அங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர்.

கொலைக்குக் காரணம் பகை அல்ல. வார்த்தைப் பஞ்சம்.

டார்சி பன்னிரண்டாம் வகுப்பில் இந்தோனேசிய மொழியை உயர்நிலைப் பாடமாக எடுத்திருந்தான். எங்கள் ஊரில் இரண்டாம் மொழி படிப்பது பேசுவதற்காக அல்ல, பல்கலைக்கழகத்துக்குப் போகக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்பதற்காக. ஐந்து வருடம் ஜப்பானிய மொழி படித்த எங்கள் தலைமுறையைக் கொண்டுபோய் டோக்கியோவில் இறக்கிவிட்டால், 'என் பென்சில் சிவப்பு' என்று சொல்லிச் சொல்லியே பிழைத்துக்கொள்வோம். டார்சிக்குக் கால்நடை மருத்துவராக ஆசை. அந்தக் கூடுதல் மதிப்பெண் வராவிட்டால் மாட்டை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அதை முடிவு செய்யப்போவது, ஒன்பது வாரத்தில் வரவிருந்த பதினைந்து நிமிட வாய்மொழித் தேர்வு.

பாடம் நடத்தியவர் மெரில் டக்வெல். அந்த வருடம்தான் பள்ளிக்கு வந்திருந்தார். 'இபு' என்றுதான் கூப்பிட வேண்டும். இந்தோனேசியாவில் டீச்சரை அப்படித்தான் அழைப்பார்கள். இபுவுக்கு ஒரு கொள்கை உண்டு. தன் மாணவர்களிடம் ஆங்கிலம் பேசமாட்டார். வகுப்பில் மட்டுமல்ல, வராந்தாவிலும், சூப்பர்மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கும்போதும். ஒருமுறை தீ எச்சரிக்கை மணி அடித்தபோதுகூட இந்தோனேசிய மொழியில்தான் கத்தினார். நல்லவேளை, அது ஒத்திகை.

"உன் தந்தை என்ன தொழில் செய்கிறார்?" என்றார் இபு.

கழிவுநீர், வண்டல், பாக்டீரியா. ஒன்றுக்கும் டார்சியிடம் வார்த்தை இல்லை. அவனுக்கு உருப்படியாகத் தெரிந்தது ஏழாம் பாடம், 'கடற்கரை வாழ்க்கை'. அந்த மொழியில் அவன் எதைப் பேசினாலும் பாடப்புத்தகத்தைக் கிழித்து வாயில் ஒட்டியதுபோல் இருக்கும்.

"என் தந்தை மீனவர்."

"ஆகா! படகின் பெயர் என்ன? எந்தத் துறைமுகம்? எந்த மீன் அதிகம் அகப்படும்?"

ஒரு பொய் சொன்னால் இத்தனை துணைக்கேள்வி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. எட்டாம் பாடம் கைகொடுத்தது. 'இயற்கைச் சீற்றங்கள்'.

"புயல் வந்தது. படகு மூழ்கியது. தந்தை திரும்பவில்லை."

வகுப்பில் இருந்த ஐந்து பேரும் மூச்சு விடவில்லை. இபு அவன் தோளைத் தொட்டார். அன்றைக்கு அவனிடம் வேறு கேள்வி கேட்கவில்லை. டார்சி அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும், கூடப் படிக்கும் பிப்பா பிடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி, போன சனிக்கிழமை உங்கப்பாதானே எங்களுக்கு சாசேஜ் சுட்டுக் கொடுத்தாரு?"

"வார்த்தை வரலடி."

"வார்த்தை வரலேன்னா ஆளையே முடிச்சிடுவியா? ஒழுங்கா போய்ச் சொல்லிடு."

போனான். வராந்தாவில் இபுவை மறித்து, "மிஸ், அது வந்து, சும்மா..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். இபு உதட்டில் விரலை வைத்தார். அவருடைய மொழியில்தான் சொல்ல வேண்டும்.

'பொய்' என்ற சொல் எட்டுப் பாடங்களில் எதிலும் இல்லை. டார்சி இருப்பதை வைத்து ஒப்பேற்றினான்.

"என் தந்தை சாகவில்லை. என் தந்தை இருக்கிறார். தண்ணீரில் இருக்கிறார். தினமும் தண்ணீரைப் பார்க்கிறார்."

இபுவின் கண்கள் நிறைந்துவிட்டன. "ஆம், குழந்தாய். என்றென்றும் அங்கேதான் இருப்பார்."

மாணவர்களிடம்தான் இபு ஆங்கிலம் பேசமாட்டார். ஆசிரியர் அறையில் தாராளமாகப் பேசுவார்.

எங்கள் ஊரில் துக்கத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கமாட்டோம். துக்க வீட்டுக்காரன் எதிரே வந்தால் ஃபுட்டி மேட்ச் ஸ்கோர் பேசுவோம். அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வாசலில் ஒரு பாத்திரம் லசானியாவை வைத்துவிட்டு ஓடிவிடுவோம். சனிக்கிழமை முதல் லசானியா வந்தது. அடுத்த வாரத்துக்குள் ஆறு.

"என்னடா இதெல்லாம்?" என்றார் அப்பா.

"ஸ்கூல்ல சமையல் கிளாஸ். மிச்சமாம்."

அம்மா மேற்குப் பக்கம் ஒரு சுரங்கத்தில் சமையல்காரி. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. ஆகவே, செத்துப்போன அப்பாவே தன் துக்கத்துக்கு வந்த லசானியா அத்தனையும் சாப்பிட வேண்டியிருந்தது. அவர் குறை சொல்லவில்லை.

"கீரை போட்டது பிரமாதம். அது திரும்ப வருமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை எச்சுகா என்ற ஊரிலிருந்து தாத்தா போன் செய்தார். டார்சி லசானியா விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"உங்கப்பன் பன்னெண்டாவது படிச்சப்பவும் இப்படித்தான்டா. ஒரு மாசம் வாசல்ல ஆப்பிள் கேக்கா வந்துச்சு. யாரு வெச்சாங்கன்னு இன்னிவரைக்கும் தெரியல."

"சிக்னல் சரியில்ல," என்று சொல்லி அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

பிறகு பெற்றோர் சந்திப்பு வந்தது. அன்றைக்கும் இபு கொள்கையை விடவில்லை. அவர் இந்தோனேசிய மொழியில் பேசுவார், மாணவன் பெற்றோருக்கு மொழிபெயர்க்க வேண்டும். நல்ல பயிற்சியாம்.

"இவர் யார்?" என்றார் இபு, அப்பாவைக் காட்டி.

டார்சிக்குத் தெரிந்த உறவுச் சொற்கள் குறைவு. "இவர் என் தாயின் நண்பர்."

"உங்கள் வீட்டிலேயே தங்குகிறாரா?"

"ஆம்."

"எப்போதிலிருந்து?"

எண்கள் மட்டும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "இருபது வருடமாக," என்று பெருமையாகச் சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

இபுவின் கையிலிருந்து பேனா விழுந்தது. அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"என்னடா சொல்றாங்க?"

"நான் நல்லா முன்னேறுறேனாம்."

"தந்தையின் உடல்கூட இன்னும் கிடைக்கவில்லை. இவர் செய்வது முறைதானா என்று கேள்."

"வீட்டுப்பாடத்துல உதவி பண்றீங்களான்னு கேக்கறாங்க."

அப்பா முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு தலையாட்டினார். "என்னால முடிஞ்சதைச் செய்யறேன்னு சொல்லு."

தேர்வு வாரத்தின் திங்கட்கிழமை இபு ஒரு படிவத்தை நீட்டினார். தந்தையை இழந்த மாணவனுக்குச் சலுகை மதிப்பெண். அம்மாவின் கையெழுத்தும் இறப்புச் சான்றிதழும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

"இது தேர்வு வாரியம்டா," என்றாள் பிப்பா. "பொய்னு தெரிஞ்சா பாடத்தையே ரத்து பண்ணிடுவாங்க. உன் மாடு, குதிரை எல்லாம் கோவிந்தா. கொலைகாரா, போய் உயிர் கொடுத்துட்டு வா."

மூன்று நாள் மதிய உணவு இடைவேளையில் டார்சி அகராதியோடு நூலகத்தில் கிடந்தான். பொய், வெட்கம், சோம்பேறி, முட்டாள், கழிவுநீர், வண்டல் என்று தன்னைப் பற்றியும் அப்பாவின் தொழிலைப் பற்றியும் தேவையான சொற்களை எல்லாம் சேகரித்தான். தன்னைப் பற்றிய பட்டியல்தான் நீளமாக இருந்தது. லசானியாவுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை இபுவின் முன்னால் நின்று பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். அப்பா உயிரோடு இருக்கிறார். ஊர்க் கழிவைச் சுத்தம் செய்கிறார். அதைச் சொல்ல எனக்குச் சொல் இல்லை. சொல் தேடச் சோம்பல். அதனால் அவரைக் கொன்றேன். தாயின் நண்பர்தான் தந்தை.

இபு நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு அந்த வருடத்தில் முதன்முறையாக ஒரு மாணவனிடம் ஆங்கிலத்தில் பேசினார்.

"அடப்பாவி! அந்தக் கீரை லசானியா நான் செஞ்சதுடா!"

சொன்னதும் இபுவே வாயைப் பொத்திக்கொண்டார். தொண்டையைச் செருமி, கொள்கைக்குத் திரும்பினார். படிவத்தை நான்காகக் கிழித்தார்.

"இதையே நாளை தேர்வில் சொல். பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடு. உன் தந்தையிடம் நீயே உண்மையைச் சொல்."

தேர்வில் சொன்னான். 'தாயின் நண்பர்' வந்த இடத்தில் ஒரு தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர், நேரம் முடிந்த பிறகும் கீரை லசானியாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். மாடு கொஞ்சம் பக்கத்தில் வந்ததுபோல் இருந்தது.

அப்பா காரோடு வெளியே காத்திருந்தார். பின்சீட்டில் கழுவிய பாத்திரங்கள் பதினான்கு. ஒவ்வொரு திருப்பத்திலும் அவை டார்சியைக் காட்டிக்கொடுப்பதுபோல் கிணுகிணுத்தன. அவனால் தாங்க முடியவில்லை. மீனவன், புயல், படிவம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"உங்களைக் கொன்னுட்டேன்பா. ஸாரிப்பா."

அப்பா பிரேக்கை மிதித்தார். சிக்னலில் கார் நின்றது. அவர் திரும்பி வாயைத் திறந்தார். வந்தது ஆங்கிலம் அல்ல. பாடப்புத்தகத்தைக் கிழித்து வாயில் ஒட்டியது போன்ற, முப்பது வருடத் தூசி படிந்த இந்தோனேசிய மொழி.

"அறிவேன், மகனே. எங்கள் புத்தகத்தில் கடல் இல்லை. உன் தாத்தாவை நான் எரிமலையில் தள்ளினேன்."