ரிஜெக்ட் பாயும் நாலு இலக்க நம்பரும்

ஆற்காட்டிலிருந்து வாணியம்பாடி வரை எதையும் முதல் பார்வையில் ஏற்றுக்கொள்ளாத மனிதர் ஒருவரே: எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியின் ரிஜெக்ட் பாய். இயற்பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நீவி, உண்ணி கடித்த தழும்பு ஒன்று தெரிந்தாலும் "ரிஜெக்ட்!" என்பார். பழக்கம் தோலோடு நிற்கவில்லை. கேன்டீன் டீயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். தங்கையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையே ஜன்னலோரம் உட்காரவைத்தவர். அன்று மேகமூட்டம், மாப்பிள்ளை தப்பித்தார்.

இணைய மோசடி பற்றி வங்கி ஒட்டிய எச்சரிக்கை நோட்டீஸும் ரிஜெக்ட். "எழுத்து எறும்பு சைஸ்ல கீது. எவன் படிப்பான்?" என்று தானே களத்தில் இறங்கினார். வேலை நேரத்தில் எங்கள் போன்கள் வாசல் பெட்டியில் பூட்டிக் கிடக்கும், சாவி அவரிடம். மோசடிப் புகாருக்கான நாலு இலக்க எண்ணை ஒப்பித்தால்தான் சாப்பாட்டு இடைவேளையில் போன் கைக்கு வரும்.

"நம்பர் சொன்னே, சரி. ஓடிபி கேட்டா?"

"குடுக்க மாட்டேன்."

"லிங்க் வந்தா?"

"தொட மாட்டேன். போனைக் குடுங்க பாய், பேஜார் பண்ணாதீங்க!"

நான் நாள், நேரம் குறித்துவைக்கும் ஆசாமி. அது செவ்வாய்க்கிழமை. ஒன்று ஐந்துக்குத் தையல் பிரிவு ஸ்டெல்லாக்காவுக்கு ஓர் அழைப்பு. பி.எஃப். விவரங்களைப் புதுப்பிக்கும்படி அந்த வாரம்தான் கம்பெனி சொல்லியிருந்தது. பேசியவன் 'பி.எஃப். ஆபீஸ்' என்றதும் நம்பி, அவன் அனுப்பிய ஆப்பை இறக்கி, ஓடிபியையும் சொல்லிவிட்டார். ஒன்று பதினொன்றுக்கு, மகளின் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்த எண்பதாயிரமும் காலி.

"எம் பொண்ணு ஃபீஸ் பாய்... வீட்ல இன்னான்னு சொல்லுவேன்?"

"அழுவுறதுக்கு அப்புறம் டைம் கீதும்மா!" பாய் அவர் போனைப் பிடுங்கி நெட்டைத் துண்டித்தார். தன் போனை நீட்டினார். "அடி நம்பரை!"

அக்கா போனை வாங்கினார். தினமும் ஒப்பித்த எண் மறந்துவிட்டது. அடுத்த நொடி, நாற்பது பெண்கள் சோற்றுக் கையோடு கோரஸாகக் கத்தினார்கள்: "ஒன்னு ஒம்போது மூணு சைபர்!"

ஒன்று பதிமூன்றுக்கு மறுமுனையில் ஒரு பெண் குரல். "ஓடிபி வேணுமா உங்களுக்கு?" என்று அதட்டினார் பாய்.

"யார் கேட்டாலும் சொல்லாதீங்க சார். பணம் எப்போ, எந்த அக்கவுண்ட்லேர்ந்து போச்சு? அதைச் சொல்லுங்க."

பாய் எங்கள் பக்கம் திரும்பினார். "ஒரிஜினல் லெதர்!"

புகார் எண்ணை நான் எழுதிக்கொண்டேன். அக்காவின் ஏடிஎம் கார்டின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் பேசிக் கணக்கை முடக்கினோம். ஒன்றரைக்கு மணி அடித்தது. ஒரு நிமிடத் தாமதத்தையும் பொறுக்காத பாய், வங்கிக் கிளைக்குப் போக அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றினார்.

"பாய், அர்ஜன்ட் ஆர்டர்!" என்று அலறினார் மேனேஜர்.

"இன்னைக்கு அது ரிஜெக்ட் சார்!"

எழுபத்திரண்டாயிரம் வழியிலேயே முடக்கப்பட்டு, சில வாரங்களில் திரும்பி வந்தது. எட்டாயிரம் போனது போனதுதான். அதை அக்கா ஓவர்டைமில் சரிக்கட்டினார்.

மகள் கல்லூரியில் சேர்ந்த மறுநாள் ஸ்டெல்லாக்கா ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா கொண்டுவந்தார். பாய் ஒன்றை எடுத்தார். எங்கள் கண்களெல்லாம் ஜன்னலுக்குப் போயின. அவர் போகவில்லை. நின்ற இடத்திலேயே வாயில் போட்டுக்கொண்டு, "பொண்ணுக்கு நம்பர் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

என் டைரியில் அன்றைக்கு ஒரே வரி: மதியம் ஒன்று பத்து, பாய் வெளிச்சம் பார்க்காமல் சாப்பிட்டார்.