ஷபீ கடைப் பிளேட்டு

"நிறுத்தும்மா" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் எழுந்தான். "யோவ் காண்ட்ராக்டர், இது டூப்பு. இது அமிர்தவள்ளி இல்ல."

காட்டுக்கு விரட்டப்பட்ட ராணியாக மேடையில் நின்று அழுதுகொண்டிருந்த வாலாஜாபேட்டை அமிர்தவள்ளி, அழுகையை நிறுத்தாமலே அவனைப் பார்த்தாள். சுருதி சேரவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. ராணிக்கு வயசாகிவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. அவள் அவளே இல்லை என்று சொன்னவர் அதுவரை எந்த ஊரிலும் கிடையாது.

"பிளேட்டுல இப்டியா இருக்குது?" என்றது இன்னொரு குரல். "இன்னாத்துக்கு இவ்ளோ இழுக்கறா? அந்த ஆர்மோனியத்த மூடச் சொல்லு. பிளேட்டுல ஆர்மோனியமே கெடையாது."

ஆர்மோனியக்காரர் கோவிந்தசாமியின் விரல்கள் கட்டைகளின் மேல் நின்றுவிட்டன. பாட்டைக் கிராமபோன் பிளேட்டில் பதிவு செய்த அன்று மதராஸில், காற்றுப் புகாத அறையில், அவர் வாசித்த வாசிப்பில் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"நாங்கள்ளாம் ஷபீ கடையில தெனம் கேக்கறோம்" என்றான் முதலாமவன், கோயில் பிரகாரத்தில் நின்று சத்தியம் செய்பவன் போல. "எங்கள ஏமாத்த முடியாது."

திரை இறங்கியது. ராணி அன்று காட்டிலேயே தங்கினாள்.

கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஜியாவுதீன், பகலில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை சப்ளை செய்பவர். சங்கீதத்தில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது. அதை ஒப்பனை அறைக்கு வந்து சொன்னார்.

"தோ பாருங்கம்மா. சாம்பிள் ஒண்ணு காட்டிட்டு சரக்கு வேற அனுப்புனா லண்டன்காரன் எடுப்பானா? திருப்பி அனுப்பிடுவான். பிளேட்டு சாம்பிளு. நீங்க சரக்கு. ரெண்டும் ஒத்துப் போவணும். இந்த ஊர் ஜனங்க தோலப் பாத்துப் பாத்தே வளந்தவங்க."

"பாய், அந்தப் பிளேட்டுல பாடினதே நான்தான்."

"எனுக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரியணுமே. நாளான்னிக்கு பிளேட்டுக் கம்பெனி ஏஜெண்டு மதராஸ்லேர்ந்து வர்றான். ஊரு உங்கள ஒத்துக்கிச்சுன்னா அடுத்த பிளேட்டு உங்களுக்கு. இல்லாட்டி சோளிங்கர் கண்ணம்மாளப் பாக்கப் போறேன்னு கடுதாசி போட்டிருக்கான். சும்மா சொல்றேன், பேஜார் பண்ணிக்காதீங்க."

அமிர்தவள்ளி பேஜார் பண்ணிக்கொண்டாள். பேசும் படம் வந்து, நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்த காலம். மேடை இனி எத்தனை நாளோ. பிளேட்டு ஒன்றுதான் மிச்சம். அதில் தன் குரல் எப்படி இருக்கிறது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. கம்பெனி கொடுத்த ஒரு பிரதி வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. குங்குமம் வைத்திருக்கிறாள். வைத்துக் கேட்க மெசின் இல்லை.

மறுநாள் காலை அவளும் கோவிந்தசாமியும் ஜட்கா வண்டியில் ஷபீ கடைக்குப் போனார்கள். அவள் வண்டியின் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஷபீ அஹமதுவின் டீக்கடை, பெரிய தோல் ஷாப்பின் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. ஒலி காற்றில் பரவும் என்பார்கள். ஆம்பூரில் காற்று ஏற்கெனவே வேறொன்றைச் சுமந்துகொண்டிருந்ததால் ஒலிக்குக் கொஞ்சம் இடம் கம்மி. ஆனாலும் கடை முன்னால் கூட்டம் நின்றது. கடையைப் பாதியாகத் தடுத்து ஒரு சாக்குப் படுதா. படுதாவுக்குப் பின்னால் ஷபீயின் வீட்டம்மா நசீமுன்னிசா பால் காய்ச்சுவார். அவரை யாரும் பார்த்ததில்லை. டீ மட்டும் ஒரு வளையல் கையோடு வெளியே வரும். படுதாவை ஒட்டினாற்போல் ஒரு ஸ்டூல். அதன்மேல் பச்சைத் துணி போர்த்திய கிராமபோன்.

ஷபீ துணியை எடுத்தார். சாவி கொடுத்தார். ஊசியை வைத்தார். "பிளேட்டு போடறேன்" என்று உரக்கச் சொன்னார்.

தட்டு சுற்றியது. கொஞ்சம் பொறுத்துப் பாட்டு வந்தது.

*எந்தத் திசை போனீரோ என் மன்னவா...*

அமிர்தவள்ளி காதைத் தீட்டிக்கொண்டாள். குரல் கட்டையாக இருந்தது. கொஞ்சம் மூக்கடைப்பும் இருந்தது.

"இதுவா என் குரல்?" என்றாள் மெதுவாக.

"அவங்கவங்க குரல் அவங்கவங்களுக்கு அப்டித்தான் கேக்கும், அமிர்தம்" என்றார் கோவிந்தசாமி. "மதராஸ்ல பாட்டப் பதிஞ்ச வெள்ளக்காரன் சொன்னானே. நம்ம குரல் நமக்கு எலும்பு வழியா வருதாம், மத்தவங்களுக்குக் காத்து வழியா வருதாம். அது கெடக்கட்டும். என் ஆர்மோனியம் எங்க?"

அது எங்கும் இல்லை.

ஜட்காவுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த அந்தோணி, சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டும் வேலைக்காரன், வெளியூர் வண்டி என்று பார்த்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தான்.

"கவனிச்சுக்க அண்ணே. இப்ப 'மன்னவா' மூணு தரம் வரும். கீறல் இருக்குது. ஆங். இப்ப ஒரு டங்."

படுதாப் பக்கமிருந்து டங் என்று கேட்டது.

"இப்பதான் முக்கியம். 'ச்சூ' வரும் பாரு."

*...வனத்தில் தனியே விட்டு, ச்சூ, வழி மறந்தீரோ...*

கூட்டம் "ஆஹா" என்றது.

"அதென்ன ச்சூ?" என்றார் கோவிந்தசாமி.

"அதான் அண்ணே வித்தை. புருசன் உட்டுட்டுப் போயிட்டான். அந்த வெறுப்பு. ஒரு நாளைக்கு ஒண்ணு வரும், ஒரு நாளைக்கு ரெண்டு வரும். பிளேட்டுல தூசி உக்காந்தா வராமயும் போவும். நேத்து கொட்டாயில ஒருத்தி வந்து பாடினா. ச்சூவே சொல்லல. நாங்க உடுவமா?"

ஜட்காவுக்குள் அமிர்தவள்ளி குனிந்து கேட்டாள்: "நான் ச்சூ சொன்னேனா அண்ணே?"

"சொல்லியிருப்பே. அறையில கொசு இருந்துது."

அன்று மாலை ஷாப்பில் சங்கு ஊதி, ஆட்கள் கையைக் காலைக் கழுவிக்கொண்டு வந்ததும் நாடகம் தொடங்கியது. ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடியாயிற்று. அதன் பின்னால் கோவிந்தசாமி, சொந்த வீட்டில் துக்கம் நடந்தவர் போல உட்கார்ந்திருந்தார். அமிர்தவள்ளி பாட்டைச் சுருக்கினாள். 'மன்னவா'வை மூன்று முறை சொன்னாள். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தைரியம் வந்து, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரு "ச்சூ" போட்டாள்.

மரத்தடியில் சந்நியாசி வேஷத்தில் ராஜா உட்கார்ந்திருந்தார். அடுத்த காட்சியில் ராணியை அடையாளம் கண்டு சேரவேண்டியவர். ராஜபார்ட் நடிகருக்கும் அமிர்தவள்ளிக்கும் ஒரு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். மான்தோலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நாயை வெரட்டற மாதிரி வெரட்டறியா? நீயே நடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

புருஷன் இல்லாமல் கதை முடிந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"டங் எங்க?" என்றது தரை டிக்கெட்.

"ச்சூ மூச்சுக்கு முன்னாடி வந்துடுச்சி" என்றது பெஞ்சு டிக்கெட். "பின்னாடி வரணும்."

"நேத்திக்கு இது பரவால்ல. ஆனா நம்ம அமிர்தவள்ளி இல்ல."

மூன்றாம் நாள் காலை ஜியாவுதீனுக்கு ஒரு யோசனை தோன்றி, அமிர்தவள்ளியின் ஜட்காவோடு ஷபீ கடைக்கு வந்தார். ஷபீயின் மெசினை மேடைக்குப் பின்னால் வைத்து ஓட்டிவிடலாம், அமிர்தவள்ளி வாயை அசைத்தால் போதும். சாம்பிளையே சரக்காக அனுப்பிவிடுவது. வியாபாரத்தில் இதைவிட நேர்மை உண்டா?

"அதெல்லாம் முடியாது பாய்" என்றார் ஷபீ. மெசினுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"வாடகை குடுக்கறேம்பா."

"வாடகைக்கு இல்ல. அது வீட்ட உட்டு வெளிய போனது கெடையாது."

"மெசினுதானே?"

"பழக்கம் இல்லன்றேன். அவ்ளோ ஜனத்துக்கு முன்னாடி பாடாது. நம்ம வீட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்குதுல்ல?"

"நோன்பு மாசத்துல பகல்ல ஒரு தரம் பிளேட்டு போட்டிருப்பாரா இவரு?" என்று ஜியாவுதீன் ஜட்காப் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார். "மாட்டாரு. அப்டி ஒரு மனுசன். கேட்டது என் தப்பு."

வேறு வழி இல்லை. அமிர்தவள்ளி ஜட்காவிலேயே உட்கார்ந்து, டீ மேல் டீயாக வாங்கிக் கோவிந்தசாமிக்குக் கொடுத்துக்கொண்டு, பிளேட்டு போடச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஷபீ முதலில் சந்தோஷமாகப் போட்டார். பிறகு தயங்கிப் போட்டார். ஒவ்வொரு முறையும் அவள் சேர்ந்து முணுமுணுத்தாள். மூச்சை எங்கே விடுகிறது, எங்கே இழுக்கிறது, 'வனத்தில்' என்பதில் நாக்கு எப்படிச் சற்றே உருதுப் பக்கம் சாய்கிறது, எல்லாம் பாடமாயிற்று. நான் வாலாஜாபேட்டையில் பிறந்தவள், எனக்கேன் இந்த நாக்கு என்று ஒரு கணம் தோன்றியது. எலும்பு வழி, காற்று வழி என்று நினைத்துச் சமாதானம் செய்துகொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் பிளேட்டின் குரல் கம்மியது.

"தேஞ்சு போச்சு" என்றான் அந்தோணி வருத்தமாக. "இவ்ளோ ஜாஸ்தி போட்டா தேயாதா?"

ஷபீ பக்கத்துக் கடையில் பனங்கற்கண்டு வாங்கிக்கொண்டு படுதாவுக்குள் போனார். வெளியே வந்து மெசினுக்குத் துணியைப் போர்த்தினார்.

"இன்னிக்கி அவ்ளோதான்மா. இதுக்கு மேல ஒடம்பு தாங்காது."

ஊர் கேட்பது இந்தக் கம்மலையும்தான் என்று அமிர்தவள்ளி முடிவு செய்து, வழியெல்லாம் ஜட்காவில் கத்திப் பாடித் தன் தொண்டையையும் அந்தப் பதத்துக்குக் கொண்டுவந்தாள்.

ஏஜெண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை, கைக்கடிகாரம், அதை அடிக்கடி பார்க்கும் பழக்கம். கோவிந்தசாமி மேடை ஓரத்தில் ஒரு பித்தளை டம்ளரும் கரண்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று சமஸ்தானங்களில் பொன்னாடை வாங்கியவர். "டங்குதானே, அடிக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அதற்குமேல் அவரிடம் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை. சமாதானம் செய்து கூட்டிவந்த ராஜபார்ட்டுக்குக் காதில் பஞ்சு வைத்தாயிற்று.

*எந்தத் திசை போனீரோ என் மன்னவா, மன்னவா, மன்னவா...*

டங்.

நூற்றுக்கணக்கான தோல்காரர்கள், சரக்கைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும் முகத்தோடு காத்திருந்தார்கள்.

*...வனத்தில் தனியே விட்டு...*

மூச்சை இழுத்தாள். விட்டாள். அதற்குப் பிறகு, "ச்சூ."

கொட்டகை எழுந்து நின்றது. அந்தோணி அழுதான். "அமிர்தவள்ளிதாண்டா" என்று பக்கத்திலிருந்தவனைக் கட்டிக்கொண்டான். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். பாட்டுக்கு அல்ல, ச்சூவுக்கு. திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் மேடைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கமகத்துக்கும் இவ்வளவு கைதட்டல் வாங்கியதில்லை.

ஏஜெண்டு ஒப்பனை அறைக்கு வந்தார்.

"எங்க பிளேட்டுல இப்டியா இருக்குது?" என்றார்.

அமிர்தவள்ளி ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நீங்க கேட்டதில்லையா?"

"நான் விக்கறவன்மா. கேக்கறவன் வேற டிபார்ட்மெண்ட்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அடுத்த மாசம் மதராஸ் வாங்க. ரெண்டு பிளேட்டு. ஒரே கண்டிசன், இப்டியேதான் பாடணும். இந்தக் கம்மல், இந்த மூக்கு, இந்தச் ச்சூ, எதுவும் கொறையக் கூடாது." கோவிந்தசாமியைப் பார்த்தார். "கரண்டிக்காரரயும் கூட்டிட்டு வாங்க."

கோவிந்தசாமி கரண்டியைத் துடைத்து டம்ளருக்குள் போட்டார். அமிர்தவள்ளி கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ரயிலுக்குப் போகும் வழியில் ஜட்காவை ஷபீ கடையில் நிறுத்தச் சொன்னாள். பழமும் வெற்றிலையும் கொண்டுவந்திருந்தாள். கடையில் பாட்டு இல்லை. ஸ்டூலில் மெசின் துணி போர்த்திக் கிடந்தது.

"பிளேட்டுக்கு ஒடம்பு சரியில்ல" என்று அந்தோணி வாசலிலேயே துக்கம் சொன்னான். யாரிடம் சொல்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்து, டீயைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"உங்க மெசினாலதான் பாய் எனக்கு இந்த வாழ்வு" என்றாள் ஷபீயிடம். "ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன்."

ஷபீ தரையைப் பார்த்தார். படுதா லேசாக விலகியது. வளையல் கை ஒன்று அவளை உள்ளே வரச் சொல்லிச் சைகை செய்தது.

"பொம்பளதானே, போங்க" என்றார் ஷபீ பெருமூச்சோடு.

உள்ளே அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் டம்ளரும் கரண்டியும். சர்க்கரை டின்னுக்கு மூடியாக, பாதியாய் உடைந்த கறுப்புத் தட்டு ஒன்று. அதன் நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தில் 'அமிர்த' என்பது வரை இருந்தது. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த நசீமுன்னிசா, அவள் கையைப் பிரியமாகப் பிடித்துக்கொண்டு, எழும்பாத குரலில் சொன்னார்:

"எல்லாம் நான் பாடறாப்பலயே பாடினீங்களாம் அக்கா, இவரு வந்து சொன்னாரு. ஆனா அந்தச் 'ச்சூ' மட்டும் உங்களுக்கு வேணாம், அது பூனை பாலுக்கு வர்ற அன்னிக்குத்தான்."