கண்ணில் ஊசி அம்மாவுக்கு

பிறருக்குத் தைரியம் சொல்வதைப்போலச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. ஒரு காலத்தில் எனக்கு அதுதான் சம்பளத்துக்கே வேலை. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் இருந்துகொண்டு, தொழிலாளர்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்துவந்தேன். (ரத்தத்துக்குப் பதில் சிவப்பு மை. அதைத் தாண்டி நான் எதையும் பார்த்ததில்லை.)

அப்போதுதான் அம்மாவுக்குச் சர்க்கரையால் இடது கண்ணுக்குள் நீர் கோத்துக்கொண்டது. ஊசி போட்டால்தான் இருக்கிற பார்வையாவது நிற்கும் என்றார் டாக்டர். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா, பேர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் நழுவி ரயிலேறி எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்கே வந்துவிட்டாள். “கண்ணுல ஊசி வுட்டு இன்னா, பூ கோக்கப் போறாங்களா?” என்றாள்.

இரண்டாம் தடவைக்கு நான் பொறுப்பேற்றேன். ரயிலிலேயே வகுப்பு ஆரம்பம். நாலு எண்ணி மூச்சை இழு, நாலு எண்ணி விடு, கால்விரலை ஆட்டு, பழவேற்காட்டுக் கடலை நினைத்துக்கொள். மீஞ்சூர் வந்தபோது அம்மா கண்ணைத் திறந்து, கடலை நினைத்தால் நண்டுக் குழம்புதான் ஞாபகம் வருகிறது, பசிக்கிறது என்றாள்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். மரத்துப்போக முதலில் சொட்டு மருந்து விடுவார்கள். கிருமி போகக் கழுவும் மருந்து கொஞ்சம் எரியும். பிறகு நன்றாகக் கழுவிவிடுவார்கள். ஊசி ஓர் அழுத்தம்போலத்தான் தெரியும். யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் பயம் குறையும் என்று சொல்லி, எனக்குத் தொப்பியும் மாஸ்க்கும் கொடுத்தார். கண்ணாடியில் பார்த்தேன். அசல் டாக்டரே தோற்றார்.

அம்மாவின் முகத்தைத் துணியால் மூடினார்கள். துணியின் ஓட்டை வழியாக அந்த ஒரு கண் மட்டும் தெரிந்தது. இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கம்பியை வைத்தார்கள். கண் அகலத் திறந்து என்னையே பார்த்தது. அறை லேசாகச் சாய்ந்தது.

“தம்பி, நீங்க மூச்சு விடறீங்களா?” என்றார் டாக்டர். நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மிச்சத்தைப் பிறகு சிஸ்டர் சொன்னார். நல்லவேளை, டாக்டர் அப்போது ஊசியைக் கையிலேயே எடுக்கவில்லை. நான் மூட்டைபோலச் சரிந்தபோதும் அம்மா கையை விடவில்லையாம்; அதனால்தான் என் மண்டை தப்பியது. துணிக்குள்ளிருந்தே பேசியிருக்கிறாள். “கண்ணு கெடக்கட்டும் டாக்டரு. அவன் காலைலேர்ந்து நாஷ்டா துன்னல. மொதல்ல அவனப் பாருங்க.”

என்னைப் பக்கத்து அறையில் படுக்கவைத்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். முழித்துவிட்டானா, தண்ணீர் குடித்தானா என்று அம்மா ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருந்ததில், டாக்டர் வேலையை முடித்துவிட்டார். வலித்ததா என்று கேட்டதற்கு அம்மா, “போட்டாச்சா?” என்றாளாம்.

நான் கண் விழித்தபோது ஒரு கண்ணில் கட்டோடு பக்கத்தில் நின்று என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். “கால்வெரல ஆட்டுடா” என்றாள்.

அதற்குப் பிறகு பல ஊசிகள் ஆகிவிட்டன. இருந்த பார்வை கெடாமல் நிலைத்தது. இப்போது அம்மா தனியாகவே போய் வருகிறாள். வரிசையில் பயந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் என் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்து உள்ளே அனுப்புகிறாளாம். (அந்த ஆஸ்பத்திரிக்கு நான் செய்த ஒரே சேவை.)

போன மாதம் என் மகளுக்குத் தடுப்பூசி. நான்கு வயது. வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டு, “எனக்குத்தாம்ப்பா ஊசி, நீ படுத்துக்காத” என்று சொல்லிவிட்டு, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.