ஆடி மாதத்தில் ஒரு மரபணு முகூர்த்தம்

பாடியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் யாருக்கு யார் தாய்மாமன், யாருக்கு யார் ஒன்றுவிட்ட சித்தப்பா என்று முழுசாகத் தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் கார்டு அண்ணாத்தே. அரசாங்கத்துக்கே தெரியாத விவரம் அது. இத்தனைக்கும் அவருக்கென்று ஒரு மாமன் கிடையாது, சித்தப்பா கிடையாது. பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தின் வாசலில் யாரோ விட்டுப்போன பிள்ளை அவர். பெயர்கூட அங்கே வைத்ததுதான். என்ன பெயர் என்று கேட்டால், "அது ரிஜிஸ்டருக்கு வெச்ச பேரு நைனா, வுடு" என்பார்.

அம்பத்தூரில் எங்கள் தெருமுனையில் கல்யாண கார்டு அடிக்கிற கடை அவருடையது. உள்ளே ஒரு ஆள் நிற்கலாம். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்ற இடமெல்லாம் அட்டைப்பெட்டி. அடிக்கிற ஒவ்வொரு கார்டிலும் ஒன்றை எடுத்துத் தெருவாரியாகப் பெட்டியில் போட்டுவைப்பார். டீக்கடையில் முன்பின் பார்த்திராத ஆளிடம், "நீ நசரத்பேட்ட தணிகாசலத்தோட மூணாவது மருமவன்தானே? ஒன் மச்சினிச்சி கல்யாணத்துல ஒன் பேரு நாலாவது வரிசைல வந்துச்சு" என்பார். அந்த ஆள் டீயை அப்படியே வைத்துவிட்டு, நாலாவது வரிசையா என்று மாமனாருக்கு போன் போட்டுச் சண்டை பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தான் கார்டு அடித்த கல்யாணங்களுக்கெல்லாம் போவார். மண்டபத்தின் கடைசி வரிசை நாற்காலியில் கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மேடை ஏறுகிற ஒவ்வொரு உறவுக்காரருக்கும் பேனாவால் டிக் அடிப்பார். மறுநாள் காலையில் என்னைப் பிடித்து நிறுத்துவார். "ரெண்டாவது சித்தப்பா வர்ல நைனா. கார்டுல பெருசா போட்டாங்க. ஆளு வர்ல." சொந்த வீட்டு விசேஷத்துக்கு ஆள் வராதது போல முகம் தொங்கிப்போயிருக்கும். எனக்குச் சிரிப்பாக வரும், சிரித்தும் இருக்கிறேன்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பொய்யான உறவை அச்சில் ஏற்ற மாட்டார். ஒரு குடும்பம், அண்ணன் தம்பி சண்டையில், உயிரோடு இருக்கிற பெரியப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடச் சொன்னது.

"இன்னாபா இது? காத்தால டீக்கடைல பாத்தேன், பன்னு துன்னுகினு இருந்தாரு" என்றார் அண்ணாத்தே.

"எங்களப் பொறுத்தவரைக்கும் அவரு போய்ட்டாரு."

"பன்னு துன்றவன நான் சாவடிக்க மாட்டேன். வேற கட பாரு."

இன்னொருவர், தன் பக்கத்து வீட்டு உயர் அதிகாரியைச் சித்தப்பா என்று போடச் சொன்னார். அவரையும் திருப்பி அனுப்பினார். ஒரு சித்தப்பாவை உண்டாக்கவும் மாட்டார், ஒரு பெரியப்பாவை ஒழிக்கவும் மாட்டார். இந்தப் பிடிவாதத்தால் கடையில் பாதி நேரம் அவர் மட்டும்தான் இருப்பார்.

இப்படிப்பட்டவரிடம் ஓர் ஆனி மாதத்தில் பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் நோட்டீஸ் அடிக்க வந்தார். மரபணு விழா நடத்துகிறார்களாம். கண்காட்சி, பேச்சு, கடைசியில் விருப்பப்பட்டவர்கள் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் எச்சில் கொடுக்கலாம். உலகத்தில் நடக்கிற மரபணு ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் மாதிரிகள்தான் இருக்கின்றன, நம்மைப் போன்றவர்கள் மிகக் குறைவு, அதனால் எல்லா வகை மக்களும் கலந்துகொள்ள வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். ரத்த சொந்தங்களுக்கு மரபணு ஒத்துப்போகும் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஜெராக்ஸ் எடுக்கப் போன நான், மூச்சை இழுத்துப் பிடித்தபடி அங்கே நின்றிருந்தேன்.

அண்ணாத்தே அந்தத் தாளை மூன்று முறை படித்தார். "மேடம், அப்ப அவுங்க சைடு பேர மட்டும் போட்டு கார்டு அடிச்சிட்டாங்க. நம்ம சைடு மொத்தமா வுட்டுப் போச்சு. கரீக்டா?"

பேராசிரியை தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "கரெக்ட்தான் சார். நான் ஒரு மணி நேரம் பேசுறத நீங்க ரெண்டு வரியில சொல்லிட்டீங்க."

அன்று சாயங்காலம் கடையை அடைக்கிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நைனா, மேடம் சொன்னாங்கல்ல, ரத்த சொந்தம்னா எச்சி ஒத்துப்போவும்னு. இந்த ஏரியா மொத்தமும் துப்புனா, அதுல ஒருத்தன் எச்சி என் எச்சிகூட ஒத்துப்போவாதா? ஒரு ஆளு போதும். மாமனோ மச்சானோ, யாரோ ஒருத்தன்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். மருத்துவ ஆராய்ச்சித் தகவல்களிலிருந்து ஆட்களின் பெயரை நீக்கிவிட்டு எண் போடுவதுதான் எங்கள் பிரிவின் தொழிலே. அந்த எச்சில் குப்பிகளில் பெயர் இருக்காது, யார் யாருக்கு என்ன உறவு என்று யாரும் சொல்லப்போவதில்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது. கூடவே, இந்தக் கூத்து எதுவரை போகிறது பார்க்கலாம் என்ற அற்பப் புத்தியும் இருந்தது. பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாரா வாரம் எழுதி நிரப்புகிறவனுக்கு அந்தப் புத்தி எப்போதும் கொஞ்சம் உண்டு.

அண்ணாத்தே நோட்டீஸ் அடிக்கவில்லை, கல்யாண கார்டு அடித்தார். நாலு மூலையிலும் மஞ்சள். "மேல இன்னா போடட்டும் மேடம், புள்ளையாரா, சிலுவையா, பிறையா?" என்று போனில் கேட்டிருக்கிறார். எதுவும் வேண்டாம், மரபணுப் படம் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. அவர் போட்ட படம் பார்ப்பதற்குப் பாதியில் ஒடிந்த முறுக்கு மாதிரி இருந்தது. கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்கடியில் வழக்கமாக உறவுக்காரர்கள் பெயர் வருகிற இடம் முழுவதையும் காலியாக விட்டிருந்தார்.

அதோடு விட்டாரா? தாம்பாளத்தில் குங்குமம், சந்தனம், கற்கண்டு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் முறைப்படி அழைத்தார். எங்கள் அடுக்ககத்தில் மூன்று மாடியும் ஏறினார். தாம்பாளத்தோடு வந்து அழைக்கிற கார்டை நம் ஜனங்கள் என்றைக்குப் படித்திருக்கிறார்கள்? தேதி, மண்டபம், சாப்பாடு எந்த வேளை. இவ்வளவுதான் பார்ப்பார்கள்.

"ஆடியில யாருங்க கல்யாணம் வைப்பாங்க?" என்றாள் என் மனைவி.

"வேதக்காரங்களா இருக்கும்" என்றார் எதிர்வீட்டு அம்மாள். அவரே சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனாலும் யாருடைய கல்யாணம் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆடியில் எல்லா மண்டபமும் காலி என்பதால்தான் கல்லூரியும் மண்டபத்தைப் பிடித்திருந்தது. அன்று காலையில் மாங்காட்டிலிருந்தும் ஆவடியிலிருந்தும்கூட ஜனம் வந்தது. பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் கூட்டத்தில் நெரிந்தன. பரிசுத்தாள் சுற்றிய சுவர்க்கடிகாரம் மட்டும் பதினொன்று. மேடையில் மணமக்கள் உட்காரும் சிம்மாசனங்களுக்கு நடுவே, தெர்மாகோலில் செய்த ஆளுயர மரபணு ஒன்று முறுக்கிக்கொண்டு நின்றது. ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் அதன் மேல் அட்சதை போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். "பொண்ண எங்கம்மா காணோம்?" என்று பேராசிரியையிடமே ஓர் அம்மாள் கேட்டார். அவர் பாவம், மாணவிகளைக் காட்டுவதா மேடையைக் காட்டுவதா என்று விழித்தார்.

அண்ணாத்தே வெள்ளைச் சட்டை, புது வேட்டியில் வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டு உள்ளே அனுப்பினார். பிறகு மைக்கைப் பிடித்தார். "அண்ணாத்தேங்களே, தாய்மாருங்களே. வெளிநாட்டுக்காரன் போட்ட லிஸ்ட்ல நம்ம ஊட்டு பேரு வுட்டுப் போச்சு. இன்னிக்கி அத்த நாம சேக்கறோம். துப்பறதுக்கு அர மணி நேரம் முன்னாடி எதுவும் துன்னக் கூடாது. அதனால பந்தி அப்பாலதான்."

பந்தி அப்புறம் என்றதும் கொஞ்சம் பேர் கடிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். பேராசிரியை எழுந்து, கட்டாயம் எதுவுமில்லை, விருப்பம் இருப்பவர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று பொறுமையாக விளக்கினார். பாதிப் பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். பட்டுப்புடவைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு, விரல் நீளக் குப்பியில் துப்பினார்கள். "இவ்ளோ போதுமா, இன்னும் வேணுமா?" என்று ஒருத்தர் பாயசத்துக்குக் கேட்பது போலக் கேட்டார். ஒவ்வொருவர் துப்பிவிட்டு நகரும்போதும் அண்ணாத்தே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது, மூக்கு, நெற்றி. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி ஆளாக அவர் வந்து உட்கார்ந்தார். "மேடம், ஒத்துப்போச்சுன்னா எவ்ளோ நாள்ல சொல்லுவீங்கோ?"

"என்ன ஒத்துப்போனா சார்?"

"என் எச்சி. இவுங்கள்ல யார்னா ஒருத்தரோட."

பேராசிரியைக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. குரலை மிகவும் தணித்துக்கொண்டார். "சார், இதுல பேரே இருக்காது. நம்பர்தான். யாருக்கு யார் சொந்தம்னு நாங்க சொல்ல மாட்டோம். அப்படித்தான் எல்லாருக்கும் வாக்குக் குடுத்திருக்கோம்."

அண்ணாத்தே என்னைத் திரும்பிப் பார்த்தார். உனக்குத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நான் தெர்மாகோல் மரபணுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப எதுக்கு மேடம் இது?"

"நாளைக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கும்போது நம்ம ஆளுங்க உடம்பையும் நெனச்சுக் கண்டுபிடிப்பாங்க சார்."

"சரி. லிஸ்ட்ல ஆளு சேந்தா சரி" என்று குப்பியை வாங்கிக்கொண்டார்.

ஆனால் எச்சில் வரவில்லை. வாய் காய்ந்துபோயிருந்தது. ஊரையே துப்ப வைத்த மனிதர் குப்பியை வாயருகே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பந்தியில் இலை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் என் மனைவிதான் குனிந்து, "எலுமிச்சங்கா ஊறுகாய நெனச்சுக்குங்கண்ணே" என்றாள். அவர் கண்ணை மூடி நினைத்தார். குப்பி மெல்ல நிறைந்தது.

அப்புறம் படிவம். அப்பா பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர், தந்தைவழித் தாத்தா பாட்டி, தாய்வழித் தாத்தா பாட்டி, அவர்கள் பேசிய மொழி. அண்ணாத்தேயின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அழகாக 'தெரியாது' என்று எழுதினார். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடவில்லை. பிறகு கடைசி வரிசைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மடியில் அந்தக் கார்டு. டிக் அடிக்க அதில் பெயர் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் என்னிடம் பேச்சு குறைந்துபோனது. கோபம் என்று சொல்ல முடியாது. காலையில் பார்த்தால் தலையாட்டுவார், யார் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்று மட்டும் சொல்வதில்லை. அந்தச் செய்தி இல்லாமல் என் காலைகள் சப்பென்று இருந்தன.

தை மாதம் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். என் மனைவி வீட்டில் நாலும் பெண்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லை. அவள் நேராக அண்ணாத்தே கடைக்குப் போய், "தாய்மாமன்னு உங்க பேரப் போடுங்கண்ணே" என்றாள். நான் வெளியே நின்றிருந்தேன்.

அவர் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வாய்ல அண்ணேன்னு சொல்றது வேற தங்கச்சி, அச்சுல அடிக்கிறது வேற. இல்லாத மொறைய நான் அடிச்சதே இல்ல."

கார்டு அந்த வரி இல்லாமலேயே வந்தது. விசேஷத்தன்று என் மாமனார் மடியில் குழந்தையை வைத்துக் காது குத்தினோம். குழந்தை வீறிட்டு ஊரைக் கூட்டியது. அண்ணாத்தே கடைசி வரிசையில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டும் முன்னால் வரவில்லை, சாப்பாடானதும் சொல்லாமல் போய்விட்டார்.

போன மாதம் என் தம்பி கல்யாணத்துக்கு மாதிரி கார்டுகள் பார்க்கக் கடைக்குப் போனேன். அவர் டீ வாங்கப் போயிருந்தார். எங்கள் தெருப் பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. பழைய காதுகுத்துக் கார்டைத் தேடி எடுத்தேன். ஒன்றுக்குப் பதில் இரண்டு இருந்தன. ஒன்று ஊருக்கெல்லாம் கொடுத்தது, ஓரத்தில் டிக் அடித்தது. மற்றது அதே மஞ்சள், அதே எழுத்து, அதே டிக்குகள், ஆனால் ஒரு வரி கூடுதல். 'தாய்மாமன்: கார்டு அண்ணாத்தே.' ரிஜிஸ்டர் பெயர் இல்லை, தெரு வைத்த பெயர். அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் டிக் இல்லை.

மனைவிக்குக் காட்ட போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டேன். அவர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டி, "நேத்து பட்டாபிராம் கல்யாணத்துல மாப்ள ஊட்டு அத்த வர்ல நைனா" என்றார். எத்தனை நாளாயிற்று அந்தச் செய்தியைக் கேட்டு. டீயை ஒரே மூச்சில் குடித்தேன்.

நான் எழுதுகிற இந்த வாரப்பத்திரிகையை அவர் படிப்பதில்லை, எழுத்துப்பிழை அதிகம் என்பார். ஒருவேளை யாராவது காட்டினால் அவருக்கு ஒரு தகவல். அந்த ஒற்றை கார்டை நானும் உங்கள் தங்கச்சியும் புரூஃப் பார்த்துவிட்டோம், அண்ணாத்தே. திருத்தம் எதுவும் இல்லை.