பாட்டின் நடுவே சிரித்தது யார்?

பில்ஸ்டன், இங்கிலாந்து,
புதன்கிழமை, 9 அக்டோபர் 2024.

அன்புள்ள மைத்துனர் டெஸ்மண்ட் அவர்களுக்கு,

க்ளிஃபர்ட் டிம்மின்ஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காள் க்ளெனிஸும் நலம். அடிலெய்டில் தாங்களும், சென்ற ஜூன் மாதம் பொருத்தப்பட்ட தங்கள் புதிய முழங்காலும் நலமென நம்புகிறேன்.

இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. 1973 ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை மாலை, தங்கள் அக்காளுக்கு உண்மையிலேயே காய்ச்சல் இருந்ததா?

அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிட வேண்டாம். அன்று என் தாயார் முதன்முறையாக க்ளெனிஸைத் தேநீருக்கு அழைத்திருந்தார். டின் சால்மன் மீன் சாண்ட்விச்சும் டிரைஃபிள் இனிப்பும் மேசைமேல் தயாராக இருந்தன. அப்போது தாங்கள் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, "அக்காவுக்கு ஃப்ளூங்க. எந்திரிக்கவே முடியல, பாவம்" என்றீர்கள். பாவம் என்று சொன்ன அதே வாயால் அவள் பங்கு சாண்ட்விச்சையும் தின்றுவிட்டுப் போனீர்கள். ஐம்பத்தோரு ஆண்டுகளாக அதை நான் சந்தேகித்ததில்லை. கடந்த திங்கட்கிழமைதான் சந்தேகித்தேன். காரணம் ஒரு பாட்டு.

எந்தப் பாட்டு என்று தாங்கள் ஊகித்திருப்பீர்கள். 'கதவை உதை, டோரீன்'. நம்மூர் இரும்பு வார்ப்பாலையில் வேலை பார்த்த நான்கு பையன்கள், மீசையை மழிக்காமலே தங்கைகளின் கண்மையைத் தீட்டிக்கொண்டு, திரைச்சீலைத் துணியில் தைத்த வெள்ளிக் காற்சட்டையும் செங்கல் உயரக் குதிகால் வைத்த பூட்சும் அணிந்து, 'ஜிகினா ஃபவுண்டரி' என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டு பாடிய அதே பாட்டு. டோரீன் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொள்கிறாள், கதவை உதைக்க வேண்டும், அவ்வளவுதான் பொருள். இதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா என்று பொறுமையாகத் தேடிவிட்டேன், இல்லை. ஆயினும் அது சாகவில்லை, டெஸ்மண்ட்! கிறிஸ்துமஸ் நெருங்கினால் எல்லாக் கடைகளிலும் அதுதான். கால்பந்து மைதானத்தில் அதுதான். திருமணங்களில் கடைசிப் பாட்டும் அதுதான் என்பதால், அது தொடங்கியதுமே நான் எழுந்து எல்லோருடைய மேல்கோட்டுகளையும் எடுத்துவரச் சென்றுவிடுவது வழக்கம். கடையில் வந்தால் வெளியேறிவிடுவேன், வீட்டு வானொலியில் வந்தால் நிறுத்திவிடுவேன். ஆகவே அப்பாட்டின் பிற்பாதியை நான் ஒருபோதும் கேட்டதில்லை என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

அப்பாட்டில் இடியிடிப்பதுபோல் ஒரு மிதிச்சத்தம் வருமல்லவா, அது நம் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தின் மரப்படிக்கட்டில் பதிவானது. டிரம்மை அடித்தால் பிஸ்கட் டின்னைத் தட்டுவதுபோல் இருந்ததாம். வெளியே பேருந்துக்கு நின்றவர்களை உள்ளே இழுத்துவந்து, படிகளில் நிறுத்தி, மிதிக்கச் சொன்னார்களாம். அதற்காக இம்மாதம் 26ஆம் தேதி, சனிக்கிழமை, கூடத்தின் சுவரில் நினைவுப் பலகை திறக்கிறார்கள். பலகையில் 1973 ஜனவரி 18 என்று போட்டிருந்தார்கள். அது வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் அங்கே பாடகர் குழு பயிற்சி நடக்கும், நானே அதில் டெனார் குரல் பாடினேன், எந்த வெள்ளிக் காற்சட்டையும் வரவில்லை. ஆகவே திங்கட்கிழமை விழாக் குழுவின் கூட்டத்துக்கு நேரில் சென்று ஆட்சேபித்தேன். அக்குழுவின் செயலாளர் நோரீன் ஹிக்மன் அம்மையார், "அந்த வாரம் கூடம் வேற என்னிக்கு காலியா இருந்துச்சு, க்ளிஃப்?" என்று கேட்டார். "செவ்வாய்க்கிழமை மட்டும்தான், அம்மா" என்று நான் உறுதியாக, எழுந்து நின்று, இந்த வாயாலேயே சொன்னேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மகிழ்ச்சியில் இசைத்தட்டைப் போட்டார்கள். எடுத்துவர யாருடைய கோட்டும் இல்லாததால் உட்கார்ந்திருந்தேன். நடுவே பாட்டு நின்றுவிட்டது. மின்சாரம் போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் அறையில் இருந்த அனைவரும் தேநீர்க் கோப்பையை அந்தரத்தில் பிடித்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்போது அந்த நிசப்தத்தில் ஒரு பெண் சிரித்தாள். உடனே மிதிச்சத்தம் மீண்டும் இடித்தது, இடுப்பு மூட்டு மாற்றிய கிழவர்கள்கூட எழுந்து மிதித்தார்கள்.

"அந்தச் சிரிப்புக்குத்தான் ஊரே காத்துக்கெடக்கும். அது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஒனக்காவது தெரியுமா?" என்றார் நோரீன்.

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டெஸ்மண்ட், அந்தச் சிரிப்பை நான் தினமும் காலை உணவின்போது கேட்கிறேன். முதலில் மூக்கில் ஒரு சீறல், பிறகு வாத்து போல் ஒன்று, பிறகு மூன்றாம் வீடுவரை கேட்கும் மிச்சம். அன்று இரவு ஈரல் உருண்டையும் பட்டாணியும் எனக்கு இறங்கவில்லை. "என்ன, பலகைல கமா விட்டுப்போச்சா?" என்று கேட்டு க்ளெனிஸ் அதே சிரிப்பைச் சிரித்தாள்.

ஆகவே கேட்கிறேன். என் தாயாரின் மேசைக்கு வருவதைவிட முன்பின் தெரியாதவர்களோடு படிக்கட்டை மிதிப்பது அவளுக்கு மேலாக இருந்ததா? அப்படியானால் அவள் என்னை மணந்தது ஏன்? இதை அவளிடம் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. தாங்கள் 26ஆம் தேதிக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். அது வராமல் அவ்விழாவுக்கு நான் செல்வதாக இல்லை.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். தங்கள் தோட்டத்து எலுமிச்சைகளும் தங்கள் மனசாட்சியும் செழித்திருக்கட்டும்.

இங்ஙனம்,
க்ளிஃபர்ட் டிம்மின்ஸ்

பி.கு.: தாங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. கடிதத்தை ஒட்டுமுன் க்ளெனிஸ் தேநீர் கொண்டுவந்தாள், என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதும் படித்துவிட்டாள்.

"தம்பியை விடு. நான்தான் அவன அனுப்புனேன். ஒங்கம்மா முன்னாடி வாயத் தொறந்து சிரிக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லி அனுப்புன? நல்ல ட்ரெஸ் போட்டுட்டு பஸ்ஸுக்கு நின்னேன். உள்ள வந்து மிதிம்மான்னாங்க. கடைசியா ஒருவாட்டி நல்லா சிரிச்சுக்கலாம்னு போனேன். பஸ்ஸு போயிருச்சு. அப்புறம்தான் தம்பிய சைக்கிள்ல அனுப்பிவெச்சேன். சரி, ஒன்னையும் விட்ருவோம்னுதான் நெனச்சேன்."

"பிறகு?"

"மறுநா காலைல பனியில நடந்து திராட்சை கொண்டாந்தியே. வந்ததும் வராததுமா செவுத்துல இருந்த காலண்டர சரியான தேதிக்குத் திருப்புன. அப்புறம்தான் 'ஒடம்பு எப்படி இருக்கு'ன்னு கேட்ட. நான் போர்வைக்குள்ள குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சேன். நீ, 'ஐயோ, குளிர்நடுக்கம்'னு இன்னொரு போர்வையைப் போத்துன. இந்தாளை விட்டா சிரிக்க வேற ஆள் கிடைக்காதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

அது 17ஆம் தேதி, புதன்கிழமை.

26ஆம் தேதி இருவரும் கூடத்துப் படிக்கட்டில் ஏறுகிறோம். இப்போது பயிற்சிக்காக வீட்டில் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. சிரிப்பு முடிந்தபின் நான் ஒரு தாளம் தாமதமாக மிதிப்பதாகச் சொல்கிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் போடச் சொல்லியிருக்கிறேன்.