சகாயம்மாள் தூங்கிய பூசை

"தம்பி, நீங்க எனக்குக் குடுத்தது போலி மாத்திரை."

சகாயம்மாள் இதைச் சொன்னபோது அந்துவான் ஃபார்மசியில் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எட்டாவதாக, சுவரில் மாலை போட்ட படத்துக்குள் பெரியவர் அந்துவான் இருந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவர் திறந்த கடை. இன்னும் மூன்று வாரத்தில் அதற்குப் பவள விழா. அழைப்பிதழில் தங்க எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது: 'எழுபத்தைந்து ஆண்டுகளில் ஒரு போலி மாத்திரைகூட இந்தக் கடையின் படி இறங்கியதில்லை.' எழுதியவர் அவருடைய மகன் அடைக்கலராஜ். வயது அறுபத்தெட்டு. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காரும் பழக்கம் அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது.

"என்னக்கா ஆச்சு?" என்றார், குரலை உயர்த்தாமல்.

"நேத்து மாதா கோயில் பூசையில, சாமியார் பிரசங்கம் பண்றப்ப தூங்கிட்டேன். முதல் வரிசையில! குறட்டை வேற விட்டேனாம். என் மருமக அதை எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுறா."

"அரிப்பு மாத்திரை போட்டாக் கொஞ்சம் தூக்கம் வரத்தான்கா செய்யும்."

"இருபத்திரண்டு வருஷமா வரலையே! உங்க அப்பா குடுத்தப்பவும் வரலை, காஜா பாய் குடுத்தப்பவும் வரலை. அந்த மாத்திரை இதுவரைக்கும் என்னை ஒண்ணுமே பண்ணினது கிடையாது."

பெரியவருக்குப் பிறகு சகாயம்மாளுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது எப்போதும் காஜா நஜ்முதீன்தான். முப்பது வருடமாகக் கடையில் இருப்பவர். இப்போது மக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிருந்தார். அதனால் போன வாரம் அடைக்கலராஜே எழுந்து, டாக்டரின் பழைய சீட்டைப் படித்து, அதில் எழுதியிருந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

"பாய் பிரிச்சு, பொட்டலம் கட்டித் தருவாரு. நீங்க அட்டையோட குடுத்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார் சகாயம்மாள்.

"அட்டையோட குடுக்கறதுதான்கா முறை."

"முறையாக் குடுத்துத்தான் கோயில்ல என் மானத்தை வாங்கினீங்க."

ஏழு பேரில் மூன்று பேர் மருந்து வாங்காமல் போனார்கள்.

அடைக்கலராஜ் கதவைச் சாத்திவிட்டு யோசித்தார். அதே சீட்டு, அதே மாத்திரை, அதே ஆள். இருபத்திரண்டு வருடம் வராத தூக்கம் இப்போது வருகிறது. அப்படியென்றால் இந்தப் பெட்டியில் இருப்பது வேறு எதுவோ. மொத்த வியாபாரியைத் தொலைபேசியில் பிடித்தார். தொகுதி எண், தயாரித்த தேதி, பில் எல்லாம் சரியாக இருந்தன. எல்லாம் சரியாக இருந்ததே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

"காஜா பாய்க்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றாள் மனைவி ஆக்சிலியா.

"மக்காவுல இருக்கிற மனுஷனைக் கூப்பிட்டு, என் கடையில போலி மாத்திரை இருக்கான்னு கேக்கச் சொல்றியா?"

"கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"குறைஞ்சுதான் போவேன்."

மறுநாள் கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது: 'அரிப்பு மாத்திரை விற்பனை நிறுத்தப்பட்டுள்ளது.' நாணயமான அறிவிப்பு என்று அவர் நினைத்தார். படித்தவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். மாலைக்குள், இந்தக் கடை மாத்திரையால் ஒரு கிழவி கோயிலிலேயே மயங்கி விழுந்துவிட்டதாக நெடுங்காடு வரை செய்தி போய்விட்டது.

அதே பெட்டியிலிருந்து இன்னும் மூன்று அட்டைகள் விற்றிருந்தன. வாங்கியவர்கள் காரைக்கால்மேட்டு மீனவர்கள், பெயர் தெரியவில்லை. அடைக்கலராஜ் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு அங்கே போனார். மீன் ஏலம் முடிந்ததும் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி, "அந்துவான் ஃபார்மசியில் வாங்கிய மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று நிதானமாக மூன்று முறை அறிவித்தார். எந்த மாத்திரை என்று மூன்று முறையும் சொல்ல விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை கடை வாசலில் வரிசை நின்றது. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, பாதி குடித்த இருமல் மருந்து, காது சொட்டு மருந்து, ஆட்டுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்து எல்லாம் வந்து குவிந்தன. பாதி, மற்ற கடைகளில் வாங்கியவை. ஒருவர் பல்செட்டைக்கூடக் கொண்டுவந்திருந்தார்.

"இது எங்க கடையில வாங்கினது இல்லையே."

"இருக்கட்டுங்க. இதுவும் சரியா வேலை செய்யலை."

அந்தக் குவியலில் அவர் தேடிய மூன்று அட்டைகள் மட்டும் இல்லை.

அன்று மாலை அவர் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய், தன் கடைமேல் தானே புகார் எழுதிக் கொடுத்தார். மருந்து ஆய்வாளர் பிரதீபா அதை இரண்டு முறை படித்தாள்.

"சார், புகார்தாரர் பேருலயும் உங்க பேரு இருக்கு, எதிர்த்தரப்புலயும் உங்க பேருதான் இருக்கு."

"ஆமாம்மா. தப்பு இருந்தா என்னை விடாதீங்க."

"மருந்துக் கடைக்காரங்க எல்லாம் என்னைப் பாத்தா ஓடுவாங்க. நீங்க தேடி வந்து மாட்டிக்கிறீங்களே!"

அவள் வந்தாள். மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். மீதிப் பெட்டிகளுக்குச் சீல் வைத்தாள். சீல் வைத்ததைத் தெருவே நின்று பார்த்தது. பவள விழாவுக்கு வருவதாகச் சொன்னவர்களுக்கு வரிசையாக வெளியூர் வேலை வந்தது. சமையல்காரர், எத்தனை பேருக்குச் சமைப்பது என்று தினமும் கேட்டார். அடைக்கலராஜ் மட்டும் தினமும் காலையில் கடையைத் திறந்து, யாரும் வராத கடையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் படத்தை நிமிர்ந்து பார்ப்பதைத் தவிர்த்தார்.

விழாவுக்கு முதல் நாள் பரிசோதனை முடிவு வந்தது. மாத்திரை அசல். ஒரு குறையும் இல்லை.

அடைக்கலராஜ் பந்தலை இரண்டு மடங்கு பெரிதாகப் போடச் சொன்னார். காரைக்கால்மேட்டுக்குப் போய் அதே ஒலிபெருக்கியில் எல்லாரையும் அழைத்தார். விருந்து பிரியாணி என்பதால் எல்லாரும் வந்தார்கள்.

அப்பாவின் படம் மேடையில் இருந்தது. பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பிரதீபா ஒலிவாங்கியில் முடிவை வாசித்தாள். கைதட்டல் அடங்கும்வரை அடைக்கலராஜ் நின்றார். பிறகு முதல் வரிசையைப் பார்த்தார்.

"இப்ப என்னக்கா சொல்றீங்க?"

சகாயம்மாள் எழுந்தார். "மாத்திரை அசல்னா, இருபத்திரண்டு வருஷமா எனக்கு ஏன் தூக்கம் வரலை? அதை மட்டும் சொல்லிடுங்க தம்பி."

பிரதீபா கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் காஜா நஜ்முதீன் உள்ளே வந்தார். திருச்சி விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறார். கையில் பேரீச்சம்பழப் பெட்டியும் ஜம்ஜம் தண்ணீரும்.

"வாங்க பாய்! நல்ல நேரத்துல வந்தீங்க" என்று சகாயம்மாள் அட்டையை அவர் கையில் வைத்தார். "தம்பி எனக்கு இதைக் குடுத்தாரு. நீங்க குடுக்கிறதும் இதேதானான்னு சொல்லுங்க."

காஜா அட்டையைப் பார்த்தார். சகாயம்மாளைப் பார்த்தார். மேடையேறி, முதலாளியின் காதருகில் குனிந்தார்.

"தனியாச் சொல்றேனே முதலாளி."

"இந்தக் குடும்பத்துல தனியாச் சொல்றதுக்கு ஒண்ணும் கிடையாது, பாய்." அடைக்கலராஜ் ஒலிவாங்கியை எடுத்து அவர் வாயருகே பிடித்தார். "ஊரே கேக்கட்டும். சத்தமாச் சொல்லுங்க."

காஜா நஜ்முதீன் ஒருமுறை பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அந்தம்மாவுக்கு நோயே இல்லைன்னு, பெரிய முதலாளி காலத்துலேர்ந்து நாம குடுக்கிறது மருந்தே இல்லாத வெறும் சீனி மாத்திரைங்க, நிஜ மாத்திரையை ஏன் எடுத்துக் குடுத்தீங்க?"